அடைத்த கதவுகளும் எண்ணிய வீடுகளும்

மிலான் நகரின் பழைய கிழக்கு வாயிலுக்கு அருகே எண்கோண வடிவில் ஒரு சிற்றாலயம் இருக்கிறது. புனித சார்லஸ் பொரோமியோவின் பெயரைத் தாங்கிய அவ்வாலயத்தைச் சுற்றி இன்று குடியிருப்புகளும் கடைகளும் நெருங்கி நிற்கின்றன. அதன் சுவர்கள் பிற்காலத்தில் எழுப்பப்பட்டவை. முதலில் எட்டுப் பக்கமும் திறந்த மண்டபமாகவே அது இருந்தது. அதற்குக் காரணம் உண்டு. நாற்புறமும் வரிசையாக 288 அறைகள் கொண்ட மாபெரும் நோயாளர் விடுதி ஒன்று அங்கே இருந்தது. லாசரேத்து என்று அதை அழைத்தனர். கொள்ளைநோய் கண்டவர்கள் தத்தம் அறைவாயிலில் கிடந்தபடியே நடுமுற்றத்துப் பலிபீடத்தில் நிகழும் திருப்பலியைக் காண வேண்டும் என்பதற்காகச் சுவரே இல்லாமல் அமைத்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் விடுதியின் பெரும்பகுதியை இடித்துவிட்டார்கள். ஆலயம் எஞ்சியது. அது நிற்கும் சதுக்கத்திற்கு, அவ்விடுதியில் நோயாளரிடையே உழைத்த கப்புச்சின் துறவி பாவோலோ பெல்லிந்தானியின் பெயரை வைத்திருக்கிறார்கள்.

1576ஆம் ஆண்டின் அக்கொள்ளைநோயைப் பற்றி நம் மறையுரைகளில் பலமுறை கேட்டிருக்கிறோம். பேராயர் கழுத்தில் கயிறணிந்து வெறுங்காலுடன் பவனி சென்றதை ஓவியங்களிலும் கண்டிருக்கிறோம். இக்கட்டுரையில் நான் கேட்க விழைவது வேறொரு கேள்வி. நகரின் கதவுகள் எல்லாம் அடைக்கப்பட்டபோது, அக்கதவுகளுக்குப் பின்னால் இருந்த நெசவாளியும் செருப்புத் தைப்பவரும் நாவிதரும் சிறுகடைக்காரரும் எதை உண்டார்கள்? கூலியில்லாத நாள்களை எப்படிக் கடத்தினார்கள்? அவர்களுக்குச் சோறு போட வேண்டியவர் யார் என்று அன்றைய மக்கள் எண்ணினார்கள்?

இக்கேள்வி எனக்குப் புத்தகத்திலிருந்து பிறந்ததன்று. 2020 மார்ச் 24ஆம் நாள் இரவு எட்டு மணிக்கு அறிவிப்பு வந்து, அன்று நள்ளிரவே நாடு முழுவதும் அடைபட்டதை நாம் எவரும் மறக்கவில்லை. இடையில் இருந்தது நான்கு மணி நேரம். அந்த ஆண்டில் என் பங்கில் நிகழ்ந்த ஒரு சிறு தவறுதான் என்னை இந்த வரலாற்றுக்குள் இழுத்துச் சென்றது. அதைப் பின்னர் சொல்கிறேன்.

மிலானுக்குத் திரும்புவோம். 1576 ஆகஸ்டு மாதத்தில் நோய் நகருக்குள் நுழைந்தபோது கர்தினால் பொரோமியோ அங்கே இல்லை. லோதி நகர ஆயரின் அடக்கச் சடங்கிற்காகச் சென்றிருந்தார். செய்தி கேட்டதும் திரும்பினார். அவர் ஒரு வாயிலில் உள்ளே வரும்போது, ஸ்பானிய ஆளுநரும் உயர்குடியினரும் வேறு வாயில்களில் வெளியேறிக்கொண்டிருந்தனர் என்று சொன்னால் அது பெரிதும் மிகையாகாது. அப்போது அவருக்கு வயது 37. விரைவில் தம் உயிலையும் எழுதி வைத்தார். உடைமைகள் நகரின் பெரிய மருத்துவமனைக்குச் சேர வேண்டும் என்பது அதன் சாரம்.

நோயைவிட முன்னதாகவே பசி வந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும். செல்வர் ஊரைவிட்டு ஓடும்போது வேலைக்காரர்களை உடன் அழைத்துச் செல்வதில்லை. சமையற்காரர், குதிரைக்காரர், துணி துவைப்போர் ஆகியோர் ஒரே நாளில் தெருவுக்கு வந்தனர். அக்கால நெசவுத் தொழிலின் அமைப்போ இன்னும் நொய்தானது. வணிகர் நூலைக் கொடுப்பார். நெசவாளி தம் வீட்டுத் தறியில் நெய்து கொடுத்து, நெய்த அளவுக்குக் கூலி பெறுவார். வணிகரின் கிடங்கு மூடப்பட்டால் நூல் இல்லை. நூல் இல்லையேல் தறி இருந்தும் பயனில்லை. எங்கோ மிச்சமிருந்த நூலை நெய்து முடித்தாலும், நோய் கண்ட நகரின் சரக்கை அண்டை நகரங்கள் வாயிலிலேயே தடுத்துவிடும். துணியிலும் கம்பளியிலும் நோய் ஒட்டிக்கொண்டு பயணம் செய்கிறது என்று அவர்கள் நம்பினர். (தெள்ளுப்பூச்சிகள் நோயைப் பரப்புவதை அறியாத காலம். ஆயினும் துணி மூட்டையைப் பற்றிய அவர்களின் அச்சம் முழுவதும் தவறானதன்று.) பழைய துணி விற்பவரின் பிழைப்பு இதனால் முதலிலேயே போயிற்று. நோயாளியின் படுக்கையையும் உடையையும் எரித்தபோது, ஏழைக் குடும்பத்தின் சேமிப்பு முழுவதுமே அந்தத் தீயில் போயிற்று எனலாம். நம் வீடுகளில் நகையை வைத்திருப்பது போல அவர்கள் நல்ல மேலாடையையும் மெத்தையையும் வைத்திருந்தார்கள். இடுக்கண் வந்தால் அவற்றைத்தான் அடகு வைப்பார்கள்.

அக்டோபரில் பவனிகள் நடந்தன. நலவாரியத்தார் கூட்டத்தைக் கண்டு அஞ்சினர், பேராயர் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் கண்மூடித்தனமாகவும் நடக்கவில்லை: வயதுவந்த ஆண்கள் மட்டும், இரண்டு வரிசையாக, நடுவில் இடைவெளி விட்டுச் செல்ல வேண்டும் என்றும், நோய் கண்ட வீட்டார் சேரக்கூடாது என்றும் ஒழுங்கு செய்தார். மாத இறுதியில் நகரம் முழுவதற்கும் பொது அடைப்பு ஆணையாயிற்று. நாற்பது நாள் என்று தொடங்கி நீட்டிக்கொண்டே போனார்கள். (நாற்பது என்ற எண்ணைப் பற்றி ஒரு சொல். கடற்கரை நகரமான இரகூசா 1377இல் வெளியூராரை முப்பது நாள் ஒதுக்கி வைத்தது. அது பின்னர் நாற்பதாக வளர்ந்தது. அந்த நாற்பதிலிருந்துதான் ஐரோப்பிய மொழிகளில் 'குவாரண்டைன்' என்ற சொல் வந்தது. தவக்காலத்து நாற்பதை எண்ணித்தான் அப்படி வைத்தார்களா என்பதில் அறிஞர்கள் ஒத்த கருத்தினர் அல்லர்.)

ஆலயங்களுக்குச் செல்ல இயலாத மக்களுக்காகப் பேராயர் நாற்சந்திகளில் பலிபீடங்கள் அமைக்கச் செய்தார். மக்கள் சாளரத்தருகே நின்று திருப்பலியில் பங்கேற்றனர். ஒரு நாளில் ஏழுமுறை மணி ஒலித்தது. ஒலித்ததும் தெருவின் ஒருபுற வீடுகள் மன்றாட்டைத் தொடங்க, எதிர்ப்புற வீடுகள் பதிலுரைத்தன. பிற்காலத்தில் அச்சந்திகளில் சிலுவை தாங்கிய தூண்கள் நிறுவப்பட்டன. அவற்றில் ஒருசில இன்றும் நிற்கின்றன.

இதுவரை நமக்குத் தெரிந்த கதைதான். குறைவாகப் பேசப்படும் பகுதி இதற்குப் பின்னால் இருக்கிறது. அடைப்பின்போது நாள்தோறும் உணவளிக்கப்பட வேண்டியிருந்தவர் தொகை 60 ஆயிரம் முதல் 70 ஆயிரம் என்று அவருடைய வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். ஏறக்குறைய ஒரு இலட்சத்து இருபதினாயிரம் மக்கள் வாழ்ந்த ஊரில் இது பாதிக்கு மேல்! இவ்வளவு பேரும் இரந்துண்டு வாழ்ந்தவர்களாக இருந்திருக்க முடியாது. நேற்றுவரை உழைத்து உண்டவர்களே இவர்களில் மிகப் பலர். பேராயர் தம் வெள்ளிப் பாத்திரங்களைக் கொடுத்தார்; கடன்பட்டார். குளிர்காலம் நெருங்கியபோது தம் இல்லத்துச் சுவர்களில் தொங்கிய சித்திரக் கம்பளங்களையும் வாயில் திரைகளையும் இறக்கி ஏழைகளுக்கு ஆடை தைக்கக் கொடுத்தார். சிவப்பும் பச்சையும் ஊதாவுமாகத் திரைச்சீலை அணிந்த ஏழைகள் நகரில் நடந்தார்கள். அந்தத் துணிகளை வெட்டித் தைத்த தையற்காரர்களுக்கும் அக்கடுங்காலத்தில் அதனால் வேலை கிடைத்திருக்கும் அல்லவா என்று நான் எண்ணிக்கொள்வதுண்டு.

வேலையிழந்த கூட்டம் ஒன்று அவரிடம் ஊர்வலமாக வந்து முறையிட்டபோது அவர் செய்தது கவனத்திற்குரியது. திடமுள்ளவர்களை நோயாளர் பணிக்கும் காவலுக்கும் துப்புரவுக்கும் அமர்த்தினார். எஞ்சியோரில் பல நூறு பேரை நகருக்கு வெளியே பெரிய கட்டடம் ஒன்றில் தங்கவைத்து உணவளித்தார். பிச்சையாக இட்டிருக்கக்கூடியதை இயன்ற இடத்திலெல்லாம் கூலியாக மாற்றினார். அதேவேளையில் ஊர் ஆட்சியாளரையும் அவர் விடவில்லை. ஓடிப்போன ஆளுநருக்கு எழுதித் திரும்பி வரச் செய்தார். தம் கம்பளங்களால் மட்டும் ஒரு நகரத்தை உடுத்திவிட முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

1578 சனவரியில் மிலான் நோயற்ற நகரமாக அறிவிக்கப்பட்டபோது சுமார் 17 ஆயிரம் பேர் மாண்டிருந்தனர். நோய் நீங்கினால் கட்டுவதாக நேர்ந்துகொண்ட புனித செபஸ்தியார் ஆலயத்தின் பணி 1577இலேயே தொடங்கிவிட்டது. கட்டட வேலை தொடங்கினால் கொத்தருக்கும் தச்சருக்கும் கூலி உண்டு என்பதையும் சேர்த்தே நாம் நினைக்கலாம்.

அரை நூற்றாண்டு கடந்து புளோரன்ஸ் நகருக்கு வருவோம். இங்கே நான் சற்று நின்று பேச வேண்டும். ஏனெனில் மிலானில் ஒரு புனிதர் தம் அன்பால் செய்ய முயன்றதை, இங்கே ஓர் அரசு கணக்கேட்டில் எழுதி ஒழுங்காகச் செய்தது.

1630ஆம் ஆண்டு வட இத்தாலி முழுவதும் கொள்ளைநோய் பரவிற்று. புளோரன்ஸில் சானித்தா எனப்பட்ட நலவாரியம் ஆகஸ்டிலேயே விழித்துக்கொண்டது. புனித மிக்கேல் சபை என்ற பொதுநிலையினர் அமைப்பைச் சார்ந்தவர்கள் தெருத் தெருவாக, வீடு வீடாக ஏறி இறங்கினர். ஏழைகளின் அறை எப்படி இருக்கிறது, கிணறும் கழிவிடமும் எந்நிலையில் உள்ளன, எதன்மேல் உறங்குகிறார்கள் என்றெல்லாம் குறித்துக்கொண்டனர். பலருக்கு மெத்தையே இல்லை. அழுகிய வைக்கோல்தான் இருந்தது. மெத்தைகள் வழங்க ஏற்பாடாயிற்று. நம் மரியாயின் சேனையினரும் புனித வின்சென்ட் தெ பவுல் சபையினரும் வீடு சந்திக்கச் செல்லும்போது ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டுபோவதை இதனோடு ஒப்பிடலாம்.

1631 சனவரியில் நாற்பது நாள் பொது அடைப்பு ஆணையிடப்பட்டது. கோமகன் இரண்டாம் பெர்டினாண்டுக்கு அப்போது இருபதே வயது. நகரில் சுமார் 76 ஆயிரம் மக்கள். அவர்களுள் பொதுச் செலவில் உணவு பெற வேண்டியவர்கள் 30,452 பேர் என்று வாரியம் கணக்கிட்டது. அந்த 52ஐ நோக்குங்கள். ஏறத்தாழ முப்பதாயிரம் என்று எழுதிவிட்டிருந்தால் விடுபட்ட ஒருவரைப் பற்றி எவரும் கேட்டிருக்க முடியாது. எண்ணியவர்கள் ஒவ்வொரு வாயிலிலும் நின்று எண்ணினார்கள்.

அவர்களுக்கு அளித்த உணவின் பட்டியலும் நமக்குக் கிடைத்திருக்கிறது. ஒருவருக்கு நாளொன்றுக்கு இரண்டு ரொட்டியும் ஓரளவு திராட்சை இரசமும் உண்டு. ஞாயிறு, திங்கள், வியாழன் ஆகிய நாள்களில் இறைச்சி. செவ்வாய்க்கிழமைகளில் மிளகும் பெருஞ்சீரகமும் ரோஸ்மேரித் தழையும் சேர்த்த இறைச்சிக் குழல். புதன், வெள்ளி, சனி ஆகிய நாள்களில் அரிசியும் பாலாடைக்கட்டியும். வெள்ளிக்கிழமை, இனிப்பும் கசப்புமான கீரைகளின் கலவை. விறகும் வந்தது. இவை அனைத்தும் வீட்டு வாயிலுக்கே கொண்டுவரப்பட்டன.

இந்தப் பட்டியலைப் படிக்கும்போது ஒரு வியப்பு எழுகிறது. மிளகையும் பெருஞ்சீரகத்தையும் எதற்காகச் சேர்த்தார்கள்? பசியாற்றுவதற்கு ரொட்டி மட்டும் போதாதா? ஏழைகள் உண்ணும் தரக்குறைவான உணவே அவர்களை நோய்க்கு ஆளாக்குகிறது என்ற மருத்துவக் கருத்து அக்காலத்தில் இருந்தது, அதுவே முதற்காரணம். அதோடு, அடைபட்டவரும் நம்மைப்போல நாவுள்ள மனிதரே என்ற எண்ணமும் சமையற்கட்டில் இருந்திருக்கலாம் என்று கருத எனக்கு ஆசை. மூன்று மாதம் ஒரே வகைப் பருப்பையும் அரிசியையும் உண்டவர்கள் இதை உடனே விளங்கிக்கொள்வார்கள்.

எதிர்ப்பு இல்லாமலா இருந்தது? கோமகனுக்காக இக்கொள்ளைநோயின் வரலாற்றை எழுதிய பிரான்செஸ்கோ ரொந்தினெல்லி, வசதிபடைத்த சிலரின் கவலையைப் பதிவு செய்திருக்கிறார். நாற்பது நாள் உட்கார வைத்துச் சோறு போட்டால் ஏழைகள் சோம்பேறிகளாகிவிடுவார்கள், அப்புறம் வேலைக்கே வரமாட்டார்கள் என்பது அவர்களின் வாதம். இதே வாதத்தை 2020இலும் நம் ஊர்களில் கேட்டேன்; சிலமுறை நம் ஆலய வளாகத்திலேயே கேட்டேன் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஏறக்குறைய நானூறு ஆண்டுகளாகத் தேய்ந்தும் செல்லுபடியாகிக்கொண்டிருக்கிற காசு அது.

அடைப்பை மீறியவர்களும் உண்டு. இளம்பெண்கள் அண்டை வீட்டாருடன் கூடி நடனமாடியதற்காகவும், வேறு சிலர் சீட்டாடியதற்காகவும் வாரியத்தின் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டனர். தண்டனை பெரும்பாலும் சில நாள் சிறை அல்லது சிறு அபராதத்துடன் முடிந்தது. ஆணை கடுமையாகவும் தீர்ப்பு மென்மையாகவும் இருந்தது எனலாம். நம் காலத்தில், தென்தமிழகத்துச் சிற்றூர் ஒன்றில் ஒரு சிறு கடையை அனுமதித்த நேரத்திற்கு மேல் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லி அழைத்துச் செல்லப்பட்ட தந்தையும் மகனும் 2020 ஜூன் மாதம் காவலில் மாண்டார்கள். அதை எழுதாமல் இப்பகுதியைக் கடந்து செல்ல என்னால் இயலவில்லை.

புளோரன்ஸ் மக்களுள் அந்நோய்க்கு மாண்டவர்கள் நூற்றுக்குச் சுமார் 12 பேர். அதே நோயில் மிலானும் வெரோனாவும் இழந்தது இதைவிடப் பன்மடங்கு அதிகம். உணவளித்ததால்தான் புளோரன்ஸ் பிழைத்தது என்று நான் சொல்ல வரவில்லை. நோயின் போக்குக்குப் பல காரணங்கள் உண்டு. ஆனால் உணவளித்ததால் மக்கள் வீட்டுக்குள் இருக்க முடிந்தது. வெறும் வயிற்றுடன் நாற்பது நாள் அடங்கியிருக்கச் சொல்லும் ஆணையை எந்தக் காவலராலும் நிறைவேற்ற முடியாது. ஆணையைப் பிறப்பிக்கும் கை அன்றே ஒரு கடனையும் ஏற்கிறது என்பதை அந்த இருபது வயதுக் கோமகனின் அதிகாரிகள் அறிந்திருந்தார்கள்.

புளோரன்ஸைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். இக்கட்டுரையை எழுதத் தூண்டியதே அதுதான். 30,452 பேருக்கு வீட்டு வாயிலிலேயே கொடுத்ததில் ஒரு நன்மை உண்டு: எவரும் தெருவில் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. வரிசையில் நிற்கக் கூசுகிற ஒரு வகையினர் எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள். இத்தாலியர் அவர்களுக்கு ஒரு பெயரே வைத்திருந்தனர்: நாணமுள்ள ஏழைகள். நேற்றுவரை சொந்தத் தறி வைத்திருந்தவர், இரண்டு பையன்களுக்குக் கூலி கொடுத்தவர், திருவிழாவுக்கு நன்கொடை எழுதியவர் ஆகியோரே இவர்கள். பிச்சைக்காரருக்குக் கிடைக்கும் சோறு இவர்களுக்குக் கிடைக்காது. கேட்க வாய் வராது.

இவர்களுக்காகவே 1442ஆம் ஆண்டில், புளோரன்ஸ் புனித மாற்கு மடத்தின் தலைவராயிருந்த தோமினிக்கத் துறவி அந்தோனினுஸ், பன்னிரண்டு பொதுநிலையினரைக் கொண்டு ஒரு சபையை ஏற்படுத்தினார். பின்னர் அந்நகரின் பேராயராகிப் புனிதராகவும் வணங்கப்படுபவர் அவர். அப்பன்னிருவரை மக்கள் 'புவோனோமினி', அதாவது நல்ல மனிதர்கள், என்று அழைத்தனர். தாழ்வுற்ற கைத்தொழிலாளரையும் சிறு வணிகரையும் இரகசியமாகத் தேடிச் சென்று உதவுவது அவர்கள் பணி. வரும் பணத்தைச் சேர்த்து வைக்கக்கூடாது, கொடுத்துத் தீர்க்க வேண்டும் என்பது விதி. அவர்களுடைய சிற்றாலயத்தின் சுவரோவியங்களில் பசித்தவருக்கு உணவு கொடுக்கும் காட்சியோடு, கடனுக்காகச் சிறைப்பட்டவரைப் பணம் கட்டி மீட்கும் காட்சியும் இருக்கிறது. அந்தச் சபை இன்றும் இருக்கிறது.

இப்போது என் தவறுக்கு வருகிறேன்.

2020 ஏப்ரலில் எங்கள் பங்கில் அரிசி, பருப்பு, எண்ணெய் அடங்கிய பைகளைக் கொடுத்தோம். அன்பியப் பொறுப்பாளர்கள் தயாரித்த பட்டியல் என் மேசைமீது இருந்தது: கைம்பெண்கள், தினக்கூலியர், வடநாட்டுக் கட்டடத் தொழிலாளர். குடும்ப அட்டைக்கு அரசு கொடுத்த ஆயிரம் ரூபாயும் இலவச அரிசியும் எவ்வளவு நாள் வரும் என்று கணக்கிட்டு, அதற்குப் பின்வரும் நாள்களுக்கு எங்கள் பை என்று திட்டமிட்டோம். நன்றாகவே செய்தோம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஆலயத்திற்கு எதிர்ச்சாரியில் தையற்கடை வைத்திருந்த ஒருவர் அந்தப் பட்டியலில் இல்லை. இருப்பார் என்று எவரும் எதிர்பார்க்கவும் இல்லை. திருவிழாதோறும் முதல் ரசீது அவர் பெயரில்தான் கிழிக்கப்படும்.

தையற்காரரின் ஆண்டு எதில் தொங்குகிறது என்று நான் ஒருபோதும் சிந்தித்ததில்லை. உயிர்ப்புப் பெருவிழாவின் புத்தாடை, மே மாதத் திருமணங்கள், ஜூன் மாதப் பள்ளிச் சீருடை. இம்மூன்றில்தான் அவர் ஆண்டு முழுமைக்கும் சம்பாதிக்கிறார். அவ்வாண்டு மூன்றுமே போயின. கடை வாடகை நிற்கவில்லை. தண்டல்காரர் மட்டும் சில வாரம் வரவில்லை. பிறகு வந்தார், விட்டுப்போன நாள்களையும் சேர்த்துக் கேட்டார். காஜா எடுக்கும் பையனுக்கு மே மாதம் வரை பாதிக் கூலி கொடுத்திருக்கிறார். அதற்குப் பிறகு ஓவர்லாக் எந்திரத்தை அடகு வைத்திருக்கிறார். இவையெல்லாம் எனக்கு ஆகஸ்டு மாதத்தில்தான் தெரியவந்தன, அதுவும் வேறொருவர் வாயிலாக. போய்ப் பார்த்தேன். "ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை?" என்று கேட்டேன். "சாமி, உங்க பட்டியல்ல என் பேரு குடுக்கறவங்க பக்கத்துலதானே இருக்கு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டுத்தான் சொன்னார்.

குருமடத்தில் இணைச்சட்ட நூலைப் படித்தபோது, கடனுக்கு ஈடாக ஒருவருடைய திரிகைக் கல்லை எடுத்துக்கொள்ளக்கூடாது என்ற கட்டளையை ஏதோ பழங்கால ஊர்வழக்கு என்று கடந்துவிட்டேன். மாவரைக்கும் கல்லை எடுத்தால் உயிரையே ஈடாக எடுப்பது போல என்பது அதன் கருத்து. ஓவர்லாக் எந்திரம் இல்லாத தையற்கடையைக் கண்ட அன்றுதான் அந்தக் கட்டளை எனக்கு விளங்கிற்று. துணி உண்டு, வாடிக்கையாளரும் மெல்லத் திரும்பி வருகிறார். ஓரம் அடிப்பதற்கு மட்டும் வேறொரு கடைக்குக் கொடுத்தனுப்பிக் கூலியில் பாதியை அங்கே இழக்கிறார்.

நம் நாட்டில் அவ்வாண்டு சிறுதொழிலுக்கென அறிவிக்கப்பட்டவற்றுள் பெரும்பகுதி கடனாகவே வந்தது. மார்ச் 27 அன்று ரிசர்வ் வங்கி தவணைகளைத் தள்ளிவைக்க அனுமதித்தது. ஆனால் வட்டி ஓடிக்கொண்டிருந்தது. மே மாதத்தில் சிறு, குறு, நடுத்தரத் தொழில்களுக்கு ஈடில்லாத கடனாக மூன்று இலட்சம் கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள். ஜூனில் நடைபாதை வியாபாரிகளுக்குப் பத்தாயிரம் ரூபாய் வரை கடன். இவை பலருக்குக் கைகொடுத்தன என்பதை மறுக்கவில்லை. ஆனால் வங்கியில் கணக்கும் பதிவுச் சான்றும் உள்ளவருக்குத்தான் அந்தக் கதவு திறக்கும். தண்டலில் வாங்கியவருக்கு ரிசர்வ் வங்கியின் சலுகை எந்த வழியாக வந்து சேரும்? மேலும், கடை மூடிக்கிடந்த நாள்களின் இழப்பைக் கடனால் ஈடுசெய்தால், மூடச் சொன்ன ஆணையின் செலவை மூடியவரே வட்டியுடன் கட்டுகிறார் என்றுதானே பொருள்? புளோரன்ஸ் அதிகாரிகள் ரொட்டியைக் கொடுத்துவிட்டு, அடைப்பு முடிந்ததும் அதன் விலையைக் கேட்டு வந்திருந்தால் அதை நாம் என்னவென்று சொல்லியிருப்போம்?

அதே 2020 மார்ச்சில் மிலான் நகரும் அடைபட்டது. ஐரோப்பாவில் கொரோனா முதலில் கடுமையாகத் தாக்கிய பகுதிகளுள் லொம்பார்தியும் ஒன்று. பேராயர் மாரியோ தெல்பீனி பேராலயத்தின் கூரைத்தளத்திற்கு ஏறி, உச்சியில் நிற்கும் அன்னை மரியாவின் பொற்சிலையை நோக்கி மன்றாடினார். மக்கள் மீண்டும் வீட்டுக்குள்ளிருந்தே திருப்பலியில் பங்கேற்றனர், இம்முறை தொலைக்காட்சி வழியாக. இத்தாலிய அரசு ஆள்குறைப்புக்குத் தடை விதித்தது. சொந்தத் தொழில் செய்வோருக்கு மார்ச் மாதத்திற்கென 600 யூரோ கொடுத்தது. அதே மாதத்தில் மிலான் மறைமாவட்டமும் மாநகராட்சியும் சேர்ந்து புனித சூசையப்பர் பெயரால் ஒரு நிதியைத் தொடங்கின. தற்காலிக வேலையை இழந்தவர், பதிவேடுகளில் இடம்பெறாத கூலியாள், சொந்தத் தொழில் படுத்துவிட்டவர் ஆகியோரே அந்நிதியின் இலக்கு. தச்சுப் பட்டறை வைத்திருந்தவரின் பெயரை அதற்குச் சூட்டியது பொருத்தமே. அவரும் பொதுவாக நாம் 'கொடுக்கிறவர் பக்கத்தில்' எழுதி வைத்திருப்பவர்தான். நசரேத்தில் வேலையில்லாத மாதங்களும் இருந்திருக்கும்.

எங்கள் பங்கில் அதற்குப் பிறகு ஒரு மாற்றம் செய்தோம். 2021 மே மாதத்தில் இரண்டாம் அலையும் அடைப்பும் வந்தபோது பட்டியல் எழுதவில்லை. ஒவ்வொரு அன்பியத்திலும் இருவர் வீடு தவறாமல், வசதியானவர் வீட்டையும் விடாமல், எல்லா வாயிலிலும் ஒரே பையுடன் நின்றார்கள். வேண்டாம் என்பவர் அடுத்த வீட்டிற்கென்று திருப்பிக் கொடுக்கலாம். எத்தனை பேர் திருப்பிக் கொடுத்தார்கள் என்று எண்ணினோம். யார் வைத்துக்கொண்டார்கள் என்று எழுதவில்லை. இதிலும் குறை உண்டு: எங்களிடமிருந்த பணம் இரண்டு சுற்றுக்குத்தான் வந்தது. மூன்றாவது சுற்றுக்குப் போகும்போது கையில் பை இல்லை. வெறுமனே நலம் விசாரித்துவிட்டு வந்தார்கள். அச்சுற்றில்தான் சில வீடுகளில் தண்டல், அடகு, வாடகை பாக்கி என்ற சொற்கள் முதன்முறையாக வெளிவந்தன என்று ஒரு பொறுப்பாளர் என்னிடம் கூறினார்.

புவோனோமினி சபையினர் தங்கள் பணம் தீர்ந்துபோனால் வாயிலில் ஒரு மெழுகுதிரியை ஏற்றி வைப்பார்களாம். ஊரார் அதைப் பார்த்துப் புரிந்துகொண்டு கொடுப்பார்கள். வறுமையின் எல்லைக்கு வந்துவிட்டவரைப் பற்றி இத்தாலியர் இன்றும் 'சிறு விளக்குக்கு வந்துவிட்டார்' என்று கூறும் வழக்கு இதிலிருந்தே பிறந்தது என்று புளோரன்ஸ் மக்கள் சொல்கிறார்கள். எங்கள் தையற்காரர் தம் எந்திரத்தை 2022ஆம் ஆண்டு திருவிழாவுக்கு முந்திய வாரம் மீட்டார். அவ்வாண்டும் முதல் ரசீது தம் பெயருக்கே வேண்டும் என்று கேட்டு வாங்கினார். தொகையை மட்டும் நான் பார்க்கவில்லை. பொருளாளரிடம் மடித்துக் கொடுக்கச் சொல்லிவிட்டேன்.